சொல்பேச்சுக் கேளாத லாரி

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் காளியண்ணன், மூன்று மாதமாக வீட்டில் ஒரு முழ நீளத்துக்குக் குட்டி லாரி கட்டிக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் மச்சான் கொடுத்த ரிமோட் பெட்டியில் குச்சியை நகர்த்தினால், அது கொல்லையிலிருந்த கல்மேட்டில் ஏற வேண்டும்.

ஆனால் வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போனது. பாதி மேட்டில் தானாகப் பின்வாங்கிக் கவிழ்ந்தது. மோட்டாரை மாற்றினார். சக்கரத்துக்கு டியூப் ரப்பர் ஒட்டினார். பாடியையே பிரித்து மறுபடி கட்டினார்.

"நெச லாரி நூறு கட்டியிருக்கறேன். இந்தச் சனியன் எம்பேச்சக் கேக்க மாட்டீங்குதே!" என்று அன்றும் கத்தினார்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி மாரக்காள், "பொட்டியக் கீழ வெச்சுப்போட்டுப் பாருங்க" என்றாள்.

வைத்தார். லாரி தானாகக் கிளம்பி வட்டமடித்தது.

"பேய் புடிச்சிருச்சா?"

"பேயில்லீங்க. சுவத்துக்கு அந்தப் பக்கமும் மூணு மாசமா இதே வசவுதான் கேக்குது. சொன்னா, அந்தப் பக்கம் உனக்கென்ன காதுன்னு கத்துவீங்க. உங்க மச்சான் உங்க தம்பிக்கும் இதே மாதிரி ஒரு பொட்டி குடுத்திருக்காருங்க."

பாகம் பிரித்துச் சுவர் எழுப்பி ஆறு வருஷம். அண்ணன் தம்பிக்குள் ஒரு வார்த்தை கிடையாது.

காளியண்ணன் பெட்டியை எடுத்துக் குச்சியை முன்னால் தள்ளினார். சுவருக்கு அப்பால் ஏதோ தடாலென்று மோதியது.

"நில்லு, சனியனே!" என்றது தம்பியின் குரல்.

காளியண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்புசாமி! உம்பொட்டியக் கொஞ்சம் அணைச்சு வை. நான் மேடு ஏறோணும்."

சுவருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

"மொதல்ல நீங்க அணைங்கண்ணா. நான் பாதி மேடு ஏறிப்போட்டேன்!"