அஞ்சு மார்க் கேள்வி

இடுப்பில் குழந்தையும் தோளில் புத்தகப்பையுமாகப் பள்ளி வாசலில் நின்றாள் நிலவரசி. அவள் முகத்தைப் பார்த்ததுமே கதவின் மின்திரையில் ஓர் உருவம் தோன்றிக் கைகூப்பியது.

“வணக்கம், இளந்தாய்த் திலகமே! தாய்மார்களுக்கு வகுப்பில் அனுமதி இல்லை.”

அந்தச் சட்டத்துக்கு முதல் ஆளாகக் கைதூக்கியவர் அவள் அப்பா, குடும்ப மாண்புக் கட்சி எம்.எல்.ஏ. பதினாறு வயதில் மகள் பிள்ளை பெற்றதும், மானம் போகாமலிருக்கக் கட்சி அவளுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்து, அவள் கதையைப் பதினோராம் வகுப்பில் பாடமாகவும் வைத்துவிட்டது.

கூடப் படித்த ரெஜினா கம்பி வழியே கேட்டாள். “ஏய், நாளைக்குப் பரீட்சைடி. ‘இளந்தாய்த் திலகம் படிப்பை விட்டது ஏன்?’ அஞ்சு மார்க். என்னடி எழுத?”

“புக்குல என்ன போட்டிருக்கு?”

“நீயா ஆசைப்பட்டுத்தான் விட்டியாம்.”

நிலவரசி கதவுத்திரை உருவத்தைப் பார்த்தாள். அது இன்னும் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

“அதையே எழுது. நீயாவது பாஸாகு.”