ஒற்றை மணி

"அங்கிள், எத்தனை தடவை சொல்றது? ரிங் போறதுக்குள்ள ஏன் கட் பண்றீங்க?"

பியூலா போட்ட அதட்டலில் ஊரிகம் சர்ச் ஹாலே கப்சிப் ஆனது.

காலை ஆராதனை முடிந்த கையோடு பெரியவர்களுக்குப் பியூலா நடத்தும் செல்போன் வகுப்பு அது. சர்ச் ஹால் என்றாலும் மூடிப்போன சுரங்கத்தின் லைன் வீடுகளிலிருந்து எல்லாரும் வருவார்கள். பிள்ளைகள் பெங்களூருக்கு ரயில் ஏறிவிட, அவர்கள் வாங்கிக் கொடுத்த போனில் எதைத் தொட்டால் எது ஆகுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த கூட்டம்.

இப்போது முனிரத்தினம் தினமும் விடிவதற்குள் ஊருக்கே ரோஜாப்பூ படம் அனுப்பித் தொல்லை கொடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டார். வெங்கடம்மா சீரியலை விட்ட இடத்திலிருந்து பார்க்கிறாள். தேறாதவர் ஏனோக் ஒருவர்தான்.

கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் நமக்குக் கொடுத்துவிட்டு, வயசான மனுஷன் மேல் இப்படி வள்ளென்று விழுந்தால் என்ன புண்ணியம் என்று வெங்கடம்மா முணுமுணுத்தாள். பியூலா காதில் அது விழாமல் இல்லை.

ஏனோக் கோபித்துக்கொள்ளவில்லை.

"பழக்கம் டீச்சர். கேஜ்ல மணி அடிச்சவன் இல்ல நானு? நாம அடிச்சிட்டு வுட்டுடணும். மேல இருந்து திருப்பி மணி வரணும். அது வராம கேஜ் நகராது."

சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு சிக்னல் கொடுப்பது அவர் வேலையாக இருந்தது. முதல் நாள் வகுப்பிலேயே பியூலாவுக்கு அவர்தான் பாடம் எடுத்தார். ஏற்று என்பதற்கு ஒரு கணக்கு, இறக்கு என்பதற்கு ஒரு கணக்கு. ஆனால் ஓடுகிற கேஜுக்கு ஒற்றை மணி அடித்தால், நிறுத்து. மற்றதை மறந்தாலும் அதை மறக்கக் கூடாது, மறந்தால் ஆள் போய்விடும் என்றார்.

"இது கேஜ் இல்ல அங்கிள். இப்படிக் கட் பண்ணா உங்க பையன் ஷெர்வினுக்கு எப்படிப் போகும்? தப்பு உங்க மேலதான்."

"ஆமா டீச்சர். என் மேலதான்."

தலையைக் குனிந்துகொண்டு அவர் ஒத்துக்கொண்டபோது பியூலா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏனென்றால் தப்பு அவர் மேல் இல்லை.

போன மாதம் ஒருநாள் அவர் போனை வாங்கி அவளே மகனுக்குப் போட்டுப் பார்த்தாள். கட் பண்ணாமல் காத்திருந்தாலும் லைன் போகவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. சந்தேகப்பட்டு, அவருக்குத் தெரியாமல் தன் போனிலிருந்து கூப்பிட்டாள். ஷெர்வின் உடனே எடுத்தான்.

அந்த நம்பரை பிளாக் செய்து வைத்திருப்பதாக, ஏதோ கொசுவலை மாட்டியதைச் சொல்வது போலச் சொன்னான். தன் கல்யாணத்தில் வந்த சண்டையாம். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றாள். தெரியும் என்றான். இனி இது விஷயமாகக் கூப்பிட வேண்டாம் என்று வைத்தான். கொஞ்ச நேரத்தில் அவள் போனிலும் அவன் படம் மறைந்துபோனது.

இதை எந்த வாயால் சொல்வது? உங்களுக்குப் போன் பண்ணத் தெரியவில்லை என்று திட்டுவது அதைவிட மேல். தப்பு விரலில் இருந்தால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையாவது அவருக்கு மிஞ்சும். அதற்காக ஊர் முன்னால் ராட்சசி என்ற பெயர் வாங்கினாலும் பரவாயில்லை என்றுதான் இத்தனை வாரமும் கத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு ஏனோக்கோடு அவர் மனைவி மரியகுழந்தையும் வந்தாள். டாக்டர்கள் கைவிரித்துவிட்ட உடம்பு. ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கி, பியூலாவின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஏனோக் ஊன்றுகோலை ஊன்றித் தன் வழக்கமான பின் பெஞ்சுக்குப் போய்விட்டார்.

மரியகுழந்தை பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் எலும்பு மட்டும்தான் இருந்தது.

"இவருக்கு இந்த ஜென்மத்துல இது வராது கண்ணு. புள்ள அங்க போன வச்சிக்கினு காத்துக்கினு இருப்பான். உன் போன்லயே ஒரு தபா போட்டுக் குடும்மா. கொரலக் கேட்டாப் போதும். அப்பால கர்த்தர் கூப்ட்டாலும் போய்டுவேன்."

பியூலாவிடம் இனி சொல்வதற்குப் பொய் இல்லை. அவள் கூப்பிட்டாலும் போகாது. வேறு யார் போனிலாவது போட்டு அவன் எடுத்து, அம்மா குரல் கேட்டதும் வைத்துவிட்டால்? சாகப்போகிறவளை ஏமாற்றிக்கொண்டே இருப்பதும் பாவம்தான் என்று தோன்றியது. சொல்லிவிட வேண்டியதுதான்.

"ஆன்ட்டி, ஷெர்வின் வந்து..."

டக்.

பின் பெஞ்சில் ஊன்றுகோல் ஒரே ஒருமுறை தரையில் தட்டியது.

பியூலா திரும்பினாள். ஏனோக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பி மணி வராவிட்டால் அந்தப் பக்கம் என்ன என்று தெரிந்துகொள்வதே தொழிலாக வாழ்ந்த மனுஷன். அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. வாராவாரம் வந்து உட்கார்ந்து, திட்டு வாங்கிக்கொண்டு, எனக்கு இது வரவில்லை என்று வீட்டில் போய்ச் சொன்னது யாருக்காக என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஏனோக் போனைத் தூக்கி, மனைவி கண்ணில் படும்படி மகன் பெயரை அழுத்தினார். உடனே கட் செய்தார்.

"மறுபடியும் தப்பாப் பண்ணிட்டேன் டீச்சர். இவ காதுல வுழற மாதிரி நல்லாத் திட்டுங்க."