கண்ணை மூடிக் கேட்டது

முதல் பதிவைப் பாதியிலேயே நிறுத்தச் சொல்லி, உதட்டைப் பிதுக்கினான் கிட்டார்க்காரன்.

"சப்புன்னு இருக்குக்கா. உப்பு போட மறந்த சாப்பாடு மாதிரி."

கடையில் கிட்டார்களைப் பழுதுபார்க்கும் அக்கா பதிவை நிறுத்தினாள். கையிலிருந்த காகிதத்தில் ஒன்றாம் எண்ணை அடித்துவிட்டு, கணினியில் அடுத்த பதிவைத் தேடினாள்.

காலையிலிருந்து இதே கூத்துதான். மின்கிட்டாரில் கம்பிகளுக்குக் கீழே உட்கார்ந்து, அவற்றின் அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற சின்னக் காந்தப் பெட்டிக்குப் பிக்கப் என்று பெயர். அதை மாற்றத்தான் இரண்டு புது ஜோடிகளோடு வந்திருந்தான்.

போன ஞாயிறு இசைக்குழுவின் ஒத்திகையில் டிரம்ஸ் அண்ணன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். "உன் கிட்டார்ல உயிரே இல்லையேப்பா. சீக்கிரம் சரி பண்ணு. இல்லேன்னா சனிக்கிழமை மேடைக்கு நாங்க வேற ஆள் பார்க்கணும்."

பன்னிரண்டு வருடமாக அந்தக் குழுவில் இருக்கிறான். அலுவலகத்தில் அவனை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மேடையில் ஏறினால்தான் அவனும் ஓர் ஆள். அதுவும் போய்விடக் கூடாது.

அண்ணன் சொன்னதை அவன் அட்சரம் பிசகாமல் புரிந்துகொண்டான். கிட்டாரில் உயிர் இல்லை.

கம்பிகளை மாற்றியாயிற்று. கேபிளை மாற்றியாயிற்று. தோள்வாரைக்கூட மாற்றியாயிற்று. மிச்சமிருப்பது பிக்கப்தான் என்று முடிவுகட்டி, நாலு நாள் விழுந்து விழுந்து விமர்சனங்களைப் படித்தான். அந்த நாலு நாளும் கிட்டாரைத் தொட நேரம் கிடைக்கவில்லை.

சோதனை நேர்மையாக நடக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவனும் அவன்தான். ஒவ்வொரு ஜோடியாக மாட்டி, ஒரே மெட்டை அவன் வாசித்துப் பதிய வேண்டும். எந்த எண் எந்த ஜோடி என்பது அக்காவுக்கு மட்டுமே தெரிய வேண்டும். பழைய ஜோடியும் வரிசையில் இருக்கட்டும், அதன் லட்சணம் தெரியட்டும் என்றான். எந்த மெட்டு என்று அக்காவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டி, விளங்குகிறதா என்றும் கேட்டுக்கொண்டான். ஈயம் உருக்கிப் பற்றுவைப்பது உங்கள் வேலை, கேட்பது என் வேலை என்று பெரிய மனதோடு பங்கு பிரித்தான்.

பழையதைப் பதிகிற நேரம் பார்த்து அலுவலக மேலாளர் போனில் கூப்பிட்டார். கடை வாசலில் நின்று இல்லாத காய்ச்சலை இருமலோடு விவரித்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது அக்கா பழைய ஜோடியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தாள். பதிந்தாயிற்றா என்று சைகையில் கேட்டான். தலையசைத்தாள்.

வேறெதுவும் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. பிக்கப்பைத்தானே சோதிக்கிறோம்.

இரண்டாவது பதிவு ஓடியது. தகர டப்பா என்று அதையும் தள்ளினான்.

மூன்றாவது ஓடியது.

அதே மெட்டு. ஆனால் அவன் வாய் தானாக மூடிக்கொண்டது. கால் தாளம் போட்டது. ஒரு சுரம் தயங்கி நின்று, பிறகு அடுத்ததைத் தொட்ட இடத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். கடைசிச் சுரம் அடங்கும் வரை கண்ணைத் திறக்கவில்லை.

"இதுதான்கா! இத்தனை வருஷமா என் காதுக்குள்ள இருந்த சத்தம் இதுதான்!"

பொறுமை இல்லை. எண்ணைச் சரிபார்ப்பதற்கு முன்பே அந்தப் பதிவைக் குழுவுக்கு அனுப்பினான். கூடவே, "உயிர் வந்துடுச்சு" என்று ஒரு வரி.

அக்கா காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். மூன்று என்ற எண்ணுக்கு எதிரே "பழசு" என்று எழுதியிருந்தது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஆள் லேசுப்பட்டவனில்லை, ஒரு நிமிடத்தில் தேறிக்கொண்டான். காந்தம் வயதாக ஆகத்தான் கனியும் என்றான். எங்கோ படித்தானாம். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொந்தப் பொருளைக் கண்டுபிடிக்கும் தன் பாம்புச் செவியை ஐந்து நிமிடம் மெச்சிக்கொண்டான். அக்கா பழைய ஜோடியை மறுபடி பொருத்த உட்கார்ந்தாள்.

போன் அதிர்ந்தது. டிரம்ஸ் அண்ணன்தான்.

"அடி தூள்! யாருப்பா வாசிக்கிறது? சனிக்கிழமை அந்த ஆளையே கூட்டிட்டு வந்துடு."

இரண்டு முறை படித்தான். பிறகு மெதுவாக நிமிர்ந்து பார்த்தான்.

கிட்டாரைப் பிடித்திருந்த அக்காவின் இடது கை விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. நாலு விரல் நுனியும் காய்த்துப்போயிருந்தன. தன் விரல் நுனிகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். மெத்தென்று இருந்தன.

"நீங்க போன்ல இருந்தீங்களேன்னு நானே வாசிச்சுட்டேன் தம்பி" என்றாள் அவள், குனிந்த தலை நிமிராமல்.

"கடை அக்கா" என்று போனில் அடித்தான். அழித்தான்.

ஈயம் உருகும் வாசனை வந்தது. திருகாணிகள் ஒவ்வொன்றாக இறுகின. அண்ணன் மறுபடியும் கேட்டிருந்தார், யாருப்பா என்று.

"பழைய பிக்கப்" என்று அடித்து அனுப்பினான்.