மாப்பிள்ளைக் காது

"தம்பி, இதை இயர்போன்னு சொல்லாதீங்க. அது பஸ்ல விக்கிறது. இதுக்குப் பேரு இன்-இயர் மானிட்டர்."

"சாரி சார்" என்றார் பல் டாக்டர். ஆயிரம் பேரை வாயைத் திறக்கச் சொன்னவர், பெண்ணின் அப்பா முன்னால் தன் வாயைத் திறக்கவே பயந்துபோய் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார்.

பயப்படாமல் என்ன செய்வார்? பெண்ணின் அப்பா லிஃப்ட் இன்ஜினியர். லிஃப்ட் இரண்டு மாடி ஏறுவதற்குள் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். பாட்டுப் பைத்தியம் வேறு. ஒரு ஸ்கூட்டர் விலை கொடுத்துக் காதில் செருகிக்கொள்கிற பைத்தியம்.

இதற்கு முன் வந்த வரன், அவர் வைத்திருக்கும் மூன்று மானிட்டரையும் காதில் போட்டுக் கேட்டுவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரிதான் சார் இருக்கு" என்றான். கொடுத்த டீ ஆறுவதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். பெண்ணோ, "அப்பா சரின்னு சொல்லாம நான் கழுத்தை நீட்ட மாட்டேன்" என்று காதலனான டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆக, டாக்டரின் கல்யாணம் இப்போது அவருடைய இரண்டு காதுகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"விடியறதுக்கு முன்னாடியே மூணையும் ஓடவிட்டு, சூடுபண்ணி வச்சுட்டேன்" என்றார் இன்ஜினியர்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு நாள் வெந்நீர் சூடுபண்ணித் தந்திருக்காரா கேளுங்க" என்றாள் அவர் மனைவி. "ஊர்ல மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்க. இவர் பல் டாக்டரைக் காதைப் பிடிச்சுப் பாக்கறாரு!"

இன்ஜினியர் காதில் வாங்கவில்லை. "பாட்டு நேத்தே எம்பொண்ணு ஏத்தி வச்சுட்டா. ஒரே வயலின்தான், மூணு தடவை இருக்கு. முதல்ல கறுப்பு, அப்புறம் வெள்ளி, கடைசியா மரம். நான் இந்த வரிசையை மாத்தறதே இல்ல. சரி, டிப்பை எடுங்க."

மேசையில், காதுக்குள் போகிற முனையில் மாட்டும் டிப்புகள் சின்னச் சின்னக் காளான்கள் போலப் பரப்பியிருந்தன. சிலிகானில் சிறிசு, நடுத்தரம், பெரிசு. பக்கத்தில் ஸ்பாஞ்சு டிப்பு. டாக்டர் சிலிகானைத் தொடவே இல்லை. நேராக ஸ்பாஞ்சை எடுத்து விரலால் உருட்டிக் காதில் செருகி, அது உள்ளே உப்பும்வரை பிடித்துக்கொண்டார்.

"ஏன் அது?"

"இதான் சார் நல்லா அடைக்கும். பொட்டுச் சத்தம்கூட வெளிய போகக் கூடாது."

"உள்ள வரக் கூடாதுன்னு சொல்லுங்க."

"ஆமா சார்... அதுவும்தான்."

கறுப்பு ஓடியது. டாக்டர் கண்ணை மூடித் தலையசைத்துக் கேட்டார். கழற்றியதும் கடகடவென்று சொன்னார்: "பேஸ் கொஞ்சம் தடிப்பு சார். நடு ஸ்வரத்தை அமுக்குது."

இன்ஜினியரின் புருவம் ஏறியது. "அப்படியே நான் சொல்ற வார்த்தை!"

வெள்ளி ஓடியது. "மேல் ஸ்வரம் ஊசி மாதிரி குத்துது சார். துவாரம் அகலமா இருக்கிற டிப்பு போடாதீங்க, இன்னும் குத்தும்."

டீ கொண்டுவந்த பெண் அப்பாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு, நமக்கென்ன என்கிற மாதிரி ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போனாள்.

கடைசியாக மரம். வயலின் அழுகிற இடம் வந்தபோது, கேட்கிறவர் நெஞ்சு உருக வேண்டிய நேரத்தில், டாக்டர் குபுக்கென்று சிரித்துவிட்டார். பெண் திரையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன தம்பி, சோகத்துல சிரிப்பு?"

"ஆனந்தம் சார். வயலின்காரர் மேடையில எந்த மூலைல உக்காந்திருக்காருன்னே தெரியுது. இதுக்கு மிஞ்சினது கிடையாது. ஆனா இதுக்கு ஸ்பாஞ்சு வேண்டாம், சிலிகான்தான் பொருத்தம். ஸ்பாஞ்சு போட்டா பளபளப்பு போயிடும்."

இன்ஜினியர் எழுந்துவிட்டார். இத்தனை நாளாக இந்த வீட்டில் அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள ஒரு ஜீவன் இல்லை. பேச ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"கேட்டியாடி?" என்றார் மனைவியிடம். "டிரில் சத்தத்துலயே கிடக்கிற காது, என்னமா சொல்லுது பாரு!"

"அப்போ தேதி பாக்கலாமா?"

"இரு." ஸ்பாஞ்சு டிப்பைக் கழற்றி, துடைத்து, டப்பாவில் வைத்து மூடினார். அவசரமே இல்லை. பிறகு நாற்காலியை டாக்டருக்கு நேரெதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னும் ஒரே ஒரு கேள்வி. இதுக்கு யார் ஒத்தாசையும் இல்லாம, நீங்களே சொந்தமா பதில் சொல்லணும். தப்பாச் சொன்னா கல்யாணம் கிடையாது."

டாக்டர் திரைப் பக்கம் திரும்பினார். பெண் உதட்டைப் பிதுக்கினாள். பாவம், அவளுக்கே தெரியாது.

"கேளுங்க சார்" என்றார், பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர் குரலில்.

இன்ஜினியர் குனிந்து, அவர் காதருகே வந்தார்.

"மூணுல எதுல எம்பொண்ணு குரல் தெளிவாக் கேட்டுச்சு, மாப்ளே?"