வயர் லூஸு

"வந்துட்டாருய்யா சென்சார்!"

அப்பா வாக்கரை ஊன்றி ஊன்றி ஹாலுக்கு வந்ததும் தையல்கடை மாமா ஆரம்பிச்சுட்டார். கூடியிருந்த தெரு மொத்தமும் சிரிச்சுது.

எங்க ஏரியாவுல எடுத்த ஒரே சினிமா அது. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்தின காதல் படம். தியேட்டர்ல ஒரு வாரம் ஓடிப் படுத்துடுச்சு. போன்ல தேடினாலும் கிடைக்காது. வருஷத்துக்கு ஒரு தடவை, ஏதோ ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவியில போடுவான். "எல்லாரும் நம்ம வீட்டுக்கே வந்துடணும்"னு அப்பாவே வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வருவார்.

கூப்பிடறதெல்லாம் சரி. அந்தப் பூங்கா பாட்டு வந்தா போதும், எழுந்து போய் டிவியை மறைச்சுக்கிட்டு நிப்பார். "வயர் லூஸு"ம்பார். ஸ்க்ரூடிரைவரும் கையுமா, பாட்டு முடியற வரைக்கும் நகர மாட்டார்.

"ஏம்ப்பா, நீயே டிவி மெக்கானிக்கு. உன் வீட்டு டிவிக்கு மட்டும் ஹீரோயினைக் கண்டா ஆகாதா?"ன்னு மாமா கேக்காத வருஷம் இல்ல.

எனக்கு மானம் போகும். ஒரு முத்தம்கூட இல்லாத பாட்டாம் அது! இந்த மனுஷனுக்குக் காதல்னாலே வேப்பங்காய்னு முடிவே கட்டிட்டேன்.

இந்த வருஷம் அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். சோபாவுல உட்கார்ந்தா, ஆள் தூக்கிவிடாம எழ முடியாது.

"இன்னிக்கு உங்க பருப்பு வேகாதுப்பா"ன்னேன்.

படம் ஓடிச்சு. கதையை யார் பார்த்தா? "என் கடை போர்டு!"ன்னார் மாமா. "அது எங்க அண்ணன் சைக்கிள். இப்ப அவனும் இல்ல, சைக்கிளும் இல்ல"ன்னு பேக்கரிக்காரர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். கூட்டத்துல நின்ன டீச்சரம்மாவுக்கு இடது முழங்கை மட்டும் படத்துல விழுந்திருக்காம். அதைக் காட்டறதுக்காகவே பேரனைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. இடிச்சுட்ட நூலகம், வெட்டிட்ட மரம் எல்லாம் கண் முன்னாடி அப்படியே நின்னுது.

பாட்டுக்கு மியூசிக் ஆரம்பிச்சுது. "டீ போடறேன்"னு அம்மா எழுந்து போனாங்க. வருஷா வருஷம் அந்த நேரத்துக்குத்தான் அவங்களுக்கு டீ ஞாபகம் வரும்.

"அந்த வயரு..." அப்பா எழப் பார்த்தார். முடியல. என் கையைப் பிடிச்சார். "என்னைத் தூக்கி விடும்மா."

"சும்மா உட்காருங்கப்பா!"

ஹீரோவும் ஹீரோயினும் பூங்காவுல ஓடினாங்க. அவங்களுக்குப் பின்னாடி ஒரு பெஞ்ச். அதுல ஒரு ரெட்டைஜடைப் பொண்ணு, மடியில கட்டம் போட்ட குடையோட, பக்கத்துல இருந்தவர் தோள்ல சாய்ஞ்சு வாய்விட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்தா.

அந்தக் குடை எங்க வீட்டுப் பரண்ல இருக்கு.

அது அம்மாதான். ஆனா அந்தச் சுருட்டைமுடி ஆள் அப்பா இல்ல. அப்பா இந்த ஊருக்கு வந்ததே கல்யாணத்துக்கு அப்புறம்தான். படம் எடுத்தது அதுக்கு முந்தின வருஷம்.

திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்க்கவே இல்ல. சமையல்கட்டு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"பின்னாடி பெஞ்சுல யாரது? எங்கேயோ பார்த்த முகமா இருக்கே..." மாமா கண்ணாடியைத் தேடி எடுத்தார்.

ஒரே தாவு. டிவிக்கு முன்னாடி போய் நின்னு வயரைப் பிடுங்கிட்டேன்.

"அடிப்பாவி!" தெருவே கத்திச்சு. "அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கா!"ன்னு மாமா தலையில அடிச்சுக்கிட்டார்.

அம்மா டீத்தட்டோட ஓடி வந்தாங்க. முகமெல்லாம் வேர்வை. "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, வயர் லூஸு. உன் பொண்ணு சரி பண்றா. நீ வந்து உட்காரு"ன்னார் அப்பா.

அம்மா மூச்சு விட்டது எனக்கே கேட்டுது. பாட்டு முடிஞ்சிருக்கும்னு தோணினப்புறம்தான் வயரைச் சொருகினேன்.

எல்லாரும் கலைஞ்சதும், அம்மா டம்ளர் கழுவப் போன நேரம் பார்த்து அப்பா பக்கத்துல உட்கார்ந்தேன். "எப்போலேர்ந்துப்பா தெரியும்?"

"கல்யாணமான புதுசுல தியேட்டர்ல பார்த்தோம். அந்தப் பாட்டு வந்ததும் பக்கத்துல இவ வெடவெடன்னு நடுங்கறா. நான் குறட்டை விட்டுட்டேன்." அப்பா சிரிச்சார். "நான் தூங்கிட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் நம்பிக்கிட்டிருக்கா. நிம்மதியா இருக்கட்டுமே. தெருவே நம்ம வீட்டுல பார்த்தாத்தானே நான் மறைக்க முடியும்?"

கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்தேன். டிவி வயர் அரைகுறையாத் தொங்கிக்கிட்டிருந்தது. அழுத்திச் சொருகப் போனேன்.

"ரொம்ப அழுத்தாதம்மா"ன்னார் அப்பா. "கொஞ்சம் லூஸாவே இருக்கட்டும். அடுத்த வருஷமும் போடுவான்."