மூணு ராத்திரி

“தப்பா சொல்லிட்டேன் அத்த. ரெண்டு ராத்திரி இல்ல, மூணு. நேத்து வகுப்புல சார்கிட்ட மறுபடி கேட்டுகினு வந்தேன்.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் தெய்வநாயகி தலையை நிமிர்த்தினாள்.

“ரெண்டே ஜாஸ்தின்னு நான் சொல்லிகினு கீறேன். நீ மூணுன்றியா?”

“நான் சொல்லல அத்த. ரோமாபுரி சட்டம் சொல்லுது.”

சேவூரில் உள்ள அந்த நெசவு வீட்டுக்கு ஜெயப்ரியா மருமகளாக வந்து அடுத்த வாரம் ஒரு வருடம் முடிகிறது. பகலில் கணவன் தனசேகரனின் பட்டுத் தறிக்குத் தார் எனும் சிறு குழலில் ஊடை நூல் சுற்றிக் கொடுப்பாள். மாலையில் ஆரணிக்குப் போய் வரலாற்று வகுப்பில் உட்காருவாள். அங்கே கேட்ட ஒரு பழைய வழக்கம்தான் சில நாட்களாக மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சாக இருந்தது.

“ரோமாபுரிலயும் பட்டு நெய்ஞ்சாங்களா?”

“இல்ல அத்த. வாங்கிக் கட்டிகினாங்க.”

“அதானே பாத்தேன், வேல வெட்டி இல்லாதவளுங்க. சரி, திரும்பச் சொல்லு. வெளங்கல.”

“ஒரு வருஷம் விடாம புருஷன் வீட்லயே தங்கிட்டா, பொண்ணு அவன் கைக்குள்ள வந்துடுவா. புருஷனோட அதிகாரத்துக்கு அவங்க பாஷையில பேரே ‘கை’தான். நடுவுல சேந்தாப்புல மூணு ராத்திரி வெளிய தங்கிட்டா அந்தக் கணக்கு அறுந்துடும். கல்யாணம் அப்படியேதான் இருக்கும். கை மட்டும் வராது.”

“புருஷனக் கேக்க வேணாமா?”

“வேணாம்.”

“சண்ட போட்டுகினு போவணுமா?”

“சும்மாவே போலாம்.”

“அப்புறம் அவ யாரு கைக்குள்ள இருப்பா?”

ஜெயப்ரியா தயங்கினாள். “அவ அப்பா கைக்குள்ள.”

“நல்லா கீது போ! இந்தக் கை வேணாம்னா அந்தக் கையா?”

“எனக்கும் அதான் பேஜாரா கீது அத்த. அந்தப் பாதிய நான் எடுத்துக்கல. மூணு ராத்திரிய மட்டும் எடுத்துகினேன்.”

உள்ளே தறிச் சத்தம் நின்றது. தனசேகரன் வெளியே வந்தான். சுவரோரம் இருந்த பையைப் பார்த்தான்.

“உங்கம்மாவுக்கு ஒடம்பு முடியலயா?”

“நல்லா கீறாங்க.”

“உங்க ஊரு தேவிகாபுரத்துல திருவிழாவா?”

“இல்ல.”

“நான் எதனா சொன்னனா?”

“இல்லீங்க.”

“அப்போ எதுக்குப் போற? கேக்கறவங்களுக்கு நான் என்னான்னு பதில் சொல்றது?”

“காரணம் இல்லன்னு சொல்லுங்க.”

“ஒரே ஒரு காரணம் சொல்லு ஜெயா. நானே பஸ் ஏத்தி அனுப்பறேன்.”

“அதான் வேணாங்க. நீங்க அனுப்பக் கூடாது. நான் போவணும்.”

உள்ளிருந்து மாமனார் சுப்பராயலுவின் குரல் வந்தது. “முகூர்த்தப் பொடவை பாதியில நிக்குது. தார் யாரு சுத்தறது? போனா அங்கயே இருக்கச் சொல்லுடா!”

“கேட்டியா?” என்றான் தனசேகரன். “போனா கதவு தொறக்காது.”

ஜெயப்ரியா குனிந்து பையை எடுத்தாள்.

“நான் வருவேங்க. வந்தே ஆவணும்னு இல்ல. உங்களப் பிடிச்சிருக்குது, அதனால வருவேன். தொறக்கறதும் தொறக்காததும் உங்க இஷ்டம்.”

“ஏம்மா, நீ பாத்துகினே கீறியே! எதனா சொல்லேன்!” என்று தனசேகரன் தாயிடம் திரும்பினான்.

தெய்வநாயகி மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒரு ராத்திரி கொறஞ்சாலும் செல்லாதா?”

“செல்லாது அத்த.”

“அப்ப போ. ஜல்தியா போ.”

கீரைத் தட்டைத் தூக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி அவள் உள்ளே போய்விட்டாள். கணவனின் மிரட்டலைவிட அதுதான் ஜெயப்ரியாவுக்கு வலித்தது.

ஆரணி பஸ் நிலையத்தில் தேவிகாபுரம் பஸ் புறப்படுவதாகத் தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்தாள். மாற்றுப் புடவை இருந்தது. சார்ஜர் இருந்தது. திரும்பிப் போக வீடு இருக்குமா என்பது மட்டும் தெரியவில்லை. இப்போதே இறங்கிவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒரு நிமிடம் அப்படித் தோன்றியது. பிறகு அசையாமல் உட்கார்ந்தாள்.

செல்போன் அடித்தது. தனசேகரன்.

“ஜெயா, அம்மா எங்க?”

“வீட்லதானே இருந்தாங்க?”

“பொய் சொல்லாத! பக்கத்து வூட்ல இல்ல, கடையில இல்ல. பீரோல பொடவையும் இல்ல. நீதானே கூட்டிகினு போன? அப்பா கத்திகினு கீறாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு ராத்திரிகூட வெளிய தங்காத மனுஷி!”

ஜெயப்ரியா ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிரே சந்தவாசல் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. அதன் ஜன்னலில், மடியில் ஒரு துணிப்பையை அணைத்தபடி தெய்வநாயகி.

“போன்ல யாரு, அவனா?” என்று கத்தினாள் மாமியார். “எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன்னு சொல்லு! நாலாம் நாளு நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போயி நிக்கறோம். கதவு எப்படித் தொறக்காம போவுதுன்னு பாக்கலாம். நாளைக்குக் காலையில அவங்கப்பனத் தார் சுத்தச் சொல்லு!”