இரண்டு ஈர கிளாஸ்கள்

சனிக்கிழமை புஜைரா கடற்கரைக்குச் சுற்றுலா கிளம்ப வேண்டும். சாமான்களைச் சரிபார்க்க, அல் கூஸில் வண்டிகள் நிறுத்தும் யார்டில் நின்ற தங்கள் கேரவனுக்குச் செவ்வாய் மாலை ஜெயபாரதி தனியாகப் போனாள்.

வண்டி குலுங்கினால் உடையாதிருக்க, ஒவ்வொரு கண்ணாடி கிளாஸையும் பழைய சாக்ஸுக்குள் நுழைத்து அலமாரியில் நெருக்கி அடுக்குவது அவள் வழக்கம். இன்று இரண்டு சாக்ஸ் ஈரமாக இருந்தன. உள்ளே, அப்போதுதான் கழுவிய கிளாஸ்கள்.

கேரவனுக்கு இரண்டே சாவிதான். ஒன்று அவளிடம், மற்றது கணவன் முகுந்தனிடம். ஒரு கிளாஸ் அவருடையது. இன்னொன்று எவளுடையது?

மறுநாள் காலை பத்தரைக்கு யார்டுக்கு வந்து, கேரவன் பக்கத்தில் நின்று போன் செய்தாள்.

“எங்க இருக்கீங்க?”

“மீட்டிங்ல இருக்கேன் பாரதி. அப்புறம் பேசுறேன்.”

குரல் போனிலும் கேட்டது, கேரவனுக்குள்ளிருந்தும் கேட்டது.

கதவை வெடுக்கென்று இழுத்தாள். உள்ளே டை கட்டிய முகுந்தன். எதிரே அவருடைய ஆபீஸ் நண்பர், யாழ்ப்பாணத்து மார்க்கண்டு, அவரும் டையோடு. நடுவில் இரண்டு கிளாஸ் டீ, இரண்டு லேப்டாப்.

“கோவிக்காதேங்கோ அக்கா,” என்று மார்க்கண்டு எழுந்தார். “போன மாசம் எங்கள் ரெண்டு பேரையும் வேலையால நிப்பாட்டிப் போட்டினம். வீட்டில சொல்லப் பயந்து, இஞ்ச இருந்துதான் வேலை தேடுறம்.”

அவளுக்குக் கண் கலங்கியது. “என்கிட்டகூடவா மறைப்பீங்க?”

தலை குனிந்த முகுந்தனுக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது. வாட்சைப் பார்த்தார்.

“இன்னிக்குப் புதன்கிழமையாச்சே. நீ ஏன் பாரதி ஆபீஸ் போகல?”

ஜெயபாரதி கேரவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னையும் வேலையை விட்டு நிறுத்தி ஒன்பது நாள் ஆச்சுங்க.”